தொதல் கிண்டின வேலாத்தை

கிட்ட வந்திருங்கோ பிள்ளையள். ஒல்லாந்தன் கோட்டையிலை இருந்து ஆண்ட காலத்துக் கதை இது. இந்தச் சாத்தன்முனைத் தீவிலை அப்ப வேலாத்தை எண்டு ஒரு மனிசி இருந்தாவாம்.

புருசன் சங்கு குளிக்கப் போனவன். போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. ஒரு கொட்டில், ஒரு ஆடு, சுத்திவரப் பனை. பக்கத்து வளவிலை தமையன் இராமுப்பிள்ளை இருந்தார்தான். ஆனால் அவர் நல்லநாள் பெருநாளுக்குத்தான் எட்டிப் பாப்பார். ஆரோடையும் ஒரு சொல்லுப் பேசாமல் பொழுதுபட்ட நாளும் அவவுக்கு இருந்ததாம். ஆட்டோடைதான் கதை. "என்ன மோளே, குழை காணாதோ?" எண்டு கேப்பாவாம். ஆடு மறுமொழி சொல்லுமோ?

ஒரு கார்த்திகை மாசம். காத்தெண்டால் அப்பிடிக் காத்தாம். கப்பல் ஒண்டு கல்லிலை ஏறி உடைஞ்சு போச்சாம். விடியப் போய்ப் பாத்தால் பலகையும் சட்டி பானையும் கரையிலை ஒதுங்கிக் கிடக்கு. ஆக்களிலை ஒருத்தன்தான் உயிரோடை. சாவகத் தேசத்தவன். கப்பலிலை சமையல் வேலை செய்தவனாம்.

ஊர் பயந்திட்டுது. "என்ன காய்ச்சல் வருத்தம் கொண்டந்தானோ!" எண்டு அவனைக் கடக்கரை மடத்திலை விட்டினமாம். சோறு குடுத்தினம், இல்லையெண்டு சொல்லக்கூடாது. ஆனால் எட்ட வைச்சிட்டு ஓடியந்திடுவினம். அவன்ரை பாஷை ஒருத்தருக்கும் விளங்காது. ஊருக்கு அவன் கப்பல்காரன். அவ்வளவுதான்.

வேலாத்தை காவோலை பொறுக்க அந்தப் பக்கம் போறவ. ஒருநாள் நிண்டு, தன்ரை நெஞ்சிலை கையை வைச்சு, "வேலாத்தை" எண்டாவாம். பேந்து அவனைக் காட்டி, "நீர்?" எண்டாவாம்.

அவனும் தன்ரை நெஞ்சிலை கையை வைச்சான். பிறகு, "கர்த்தோ" எண்டானாம். சொல்லிப்போட்டு முகத்தைத் திருப்பி அழுதானாம். தன்ரை பேரைத் தன்ரை காதாலை கேட்டு அவ்வளவு நாளாச்சு.

அண்டையிலை இருந்து ஒவ்வொரு சொல்லாப் படிச்சான். தண்ணி, மீன், நெருப்பு. "அக்கா" எண்டு கூப்பிடப் பழகினான். வெளிக்கிடேக்கை "போறன்" எண்டு சொல்லக்கூடாது, "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லவேணும் எண்டு அவதான் திருத்தினாவாம்.

வருசங்கள் போச்சுது. ஒருநாள் மடத்தடியிலை புகை. வேலாத்தை போய்ப் பாத்தா. கப்பல்லை இருந்து ஒதுங்கின பெரிய தாச்சி அடுப்பிலை. விறகு கொத்திக் குடுத்து வாங்கின அரிசியை மாவாக்கி, தேங்காய்ப்பால் விட்டு, பனங்கட்டி போட்டுக் கிண்டுறான். விடியத் தொடங்கினவன். மத்தியானமாப் போச்சு. விட்டால் அடிப்பிடிச்சுப் போகும், விடேலாது. வாய்க்குள்ளை எதையோ சொல்லிச் சொல்லிக் கிண்டுறான்.

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"பேர், அக்கா. பெருநாளுக்கு எங்கடை ஊரிலை இது. அம்மா கிண்டும், தங்கச்சி கிண்டும், பக்கத்து வீடு கிண்டும். இஞ்சை நான்தான். பேர் சொல்லுறன்."

வேலாத்தை காவோலைக் கட்டை இறக்கி வைச்சா. "இஞ்சை தாரும் அகப்பையை" எண்டாவாம். அவ கிண்ட அவன் இருந்தான், அவன் கிண்ட அவ இருந்தா. பொழுது சாயேக்கை எண்ணெய் கக்கி, கறுப்பா மினுங்கித் திரண்டுதாம்.

"இதுக்கு என்ன பேர்?"

"தொதோல்."

"தொதலோ?"

"ஓம் அக்கா. தொதல்."

எங்கடை கறிக்கு மிளகாய் பறங்கியோடை வந்தது. பாண் ரொட்டியும் பறங்கியோடைதான் வந்தது. எந்தப் பறங்கி, ஆர் பெத்த பிள்ளை, ஆருக்குத் தெரியும்? இந்த ஊருக்குத் தொதல் கொண்டந்தவன்ரை பேர் மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அவன் துண்டு துண்டா வெட்டி, ஓலையிலை வைச்சு, வீடு வீடா, வாசல் படலை படலையாக் கொண்டு போனானாம். ஒரு படலையும் திறபடேல்லை. வேலாத்தை அவனோடை இருந்து சாப்பிட்டவ எண்டு கேள்விப்பட்டு இராமுப்பிள்ளை வந்தார். "இனி என்ரை வளவு மிதியாதை" எண்டார். நல்லநாளுக்கு எட்டிப் பாக்கிறதும் அதோடை நிண்டு போச்சு.

பேந்து ஒருநாள் கோட்டைக்குப் போற வள்ளம் ஒண்டு தண்ணி எடுக்க ஒதுங்கிச்சு. அதிலை சாவகச் சிப்பாய்மார். கர்த்தோ ஓடினானாம், விழுந்தடிச்சு ஓடினானாம். அவங்கள் தங்கடை பாஷையிலை ஏதோ கேட்டாங்கள். இவன் வாயைத் திறந்தான்.

"எங்கையிருந்து வாறியள்?"

தமிழ்தான் வந்துது! அவங்கள் ஆளையாள் பாத்தாங்கள். இவன் மணலிலை குந்தி, தலையிலை கையை வைச்சானாம். பிறகு மெல்ல மெல்லத் தன்ரை பாஷையைத் தேடித்தேடி எடுத்தான். ஊருக்குப் போற கப்பல் கோட்டைத்துறையிலை நிக்குதாம், ஏறு எண்டாங்களாம்.

அவன் வேலாத்தையைப் பாத்தான். மறிச்சிருந்தால் நிண்டிருப்பான். அது அவவுக்குத் தெரியும்.

"போம் தம்பி. அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

"போட்டு வாறன், அக்கா."

"ஓம், வாரும்" எண்டாவாம். வள்ளம் மறையுமட்டும் நிண்டா. பிறகு தாச்சியைத் தலையிலை தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தா.

அடுத்த வருசம், அவன் தொதல் கிண்டின அதே நாள் வந்துது. படலையடியிலை அடுப்பு மூட்டித் தனியக் கிண்டினா. கை சோந்து போச்சு. பேர் சொல்லிக் கிண்டலாம் எண்டு பாத்தா, சொல்ல ஒரு பேருக்கு மேலை இல்லை. அப்பதான் வாய்விட்டுக் கூப்பிட்டாவாம்.

"ஆராவது வாங்கோவன்! ஒருக்கா வந்து பிடியுங்கோவன்!"

ஊருக்குக் கேட்டுது. தமையன் வீட்டுக்கும் கேட்டுது. ஒருத்தரும் வரேல்லை. துறையிலை வள்ளம் கட்டிப்போட்டு வந்த ஆரோ பிறத்தியான் ஒருத்தன் வந்து, ஒண்டும் கேளாமல் அகப்பையை வாங்கினானாம். கிண்டிக் குடுத்து, ஒரு துண்டு திண்டிட்டுப் போனான். அவன் ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது.

வேலாத்தை சாகுமட்டும் வருசா வருசம் அப்பிடித்தான். படலையடியிலை நிண்டு கூப்பிடுவா. வழிப்போக்கர்தான் வருவினம். அவ செத்த வருசம், அந்த நாளிலை கூப்பிடுற சத்தம் இல்லாமல் ஊர் கிடந்துதாம். மத்தியானம்போலை சத்தம் ஒண்டு கேட்டுதாம். போய்ப் பாத்தால், இராமுப்பிள்ளைக் கிழவர் தங்கச்சியின்ரை படலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். "ஆராவது வாங்கோவன்! ஒருக்கா வந்து பிடியுங்கோவன்!" அண்டைக்குத்தான் ஊர் வந்துது.

அதுதான் பிள்ளையள், எங்கடை ஊரிலை தொதல் கிண்டுறதெண்டால் அடுப்பைப் படலையடியிலை வைக்கிறது. முதல் அகப்பை பிடிக்கிறது வீட்டாள் இல்லை, வழியாலை வாற பிறத்தியாள். ஆள் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவம். வருமட்டும் கூப்பிட்டுக்கொண்டு நிப்பம்.