முதலில் மெல்லிய கம்பி

என் கதை நடந்தது பிற்பகல் இரண்டே கால் மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகள் மட்டுமே இருக்கிற தெரு... ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடக்கிறது. ஒரு நாய்கூட இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த டார்ச்சை அணையுங்கள். விடிந்து மாற்று டயர் வருகிற வரைக்கும் நம் கச்சேரிக் குழு மொத்தமும் இந்த வேனுக்குள்தான் கிடக்கப் போகிறோம். கீபோர்டு, நீ கொஞ்சம் நகர்ந்து உட்கார்.

என் நண்பன் ஒருவன் ஒலிப்பதிவாளன். அந்தத் தெருவின் கடைசிக் கிடங்குதான் அவன் ஸ்டுடியோ. இது அவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது.

அவர் கிடாரிஸ்ட். பத்தொன்பது வருஷம் அடுத்தவன் பாட்டுக்கு வாசித்தவர். கூப்பிட்டால் போவார், தாளைப் பார்ப்பார், வாசித்துவிட்டு வருவார். பாட்டு ஊரெல்லாம் ஓடும். அவர் பெயர் எங்கேயும் இருக்காது. எலி வளை தோண்ட, பாம்பு குடியேறின கதை. நம் பிழைப்பு மட்டும் என்ன வாழ்கிறதாம்? அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஆசை. தனக்கென்று ஒரு ராக் ஆல்பம். அட்டையில் தன் பெயர், போட்டுக் கேட்டால் தன் கை.

ஒன்பது பாட்டு எழுதினார். ஒன்று காட்டுக் கத்தல். ஒன்று தாலாட்டு மாதிரி. ஒன்று ப்ளூஸ், இன்னொன்று ஜாஸ், ஒன்றுக்கு என்ன பெயர் என்றே தெரியாது.

"என்ன மாமா, பலசரக்குக் கடை மாதிரி இருக்கு?" என்றான் நண்பன்.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் வாசிச்சவன் மச்சான் நான். என்னோடது எதுன்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும் போடுறேன். ஏதோ ஒண்ணுல நான் இருப்பேன்ல?"

கேட்கவே பாவமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர் ஒன்றும் பால் குடிக்கிற பிள்ளை இல்லை. அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இடக்கை என்று கூப்பிடுவார்கள். வலக்கைக் கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிப்பான். மற்றவர்கள் மேலிருந்து கீழே வீசினால் தடித்த கம்பி முதலில் பேசும். அவன் வீசினால் மெல்லிய கம்பி முதலில் பேசும். ஒரே வீச்சில் தெரிந்துவிடும், அவன்தான் என்று.

அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவன் வாசித்ததை அழித்துவிட்டு, அவனைப் போலவே வாசித்துத் தரச் சொல்லி இசையமைப்பாளர் இவரைக் கூப்பிட்டார். "யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். இவரும் கீழிருந்து மேலாக வீசி, அச்சு அசலாக வாசித்துக் கொடுத்தார். பாட்டு வந்தது. இடக்கைக்கு ஏகப்பட்ட பாராட்டு. அவன் அதைப் போட்டுக் கேட்டான்... அப்புறம் கிடாரைத் தொடவே இல்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். இவர் சாவுக்குக்கூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவார்?

சரி... அந்த ஞாயிறு. முதல் பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், கிடாருக்கு நேராக மைக். இந்தப் பக்கம் நண்பன். வாசித்து முடித்தார். போட்டுக் கேட்டார்கள்.

ட்ரிங்... மெல்லிய கம்பி முதலில்.

அவர் முகம் செத்துப் போயிற்று. "பழக்க தோஷம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி வாசித்தார். இந்தத் தடவை மெதுவாக, தடித்த கம்பியிலிருந்து. நண்பன் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். போட்டால்... மெல்லியது முதலில். அறைக்குள் தைல வாசனை வேறு. நடுங்கும் கைக்குத் தேய்ப்பார்களே, அந்தத் தைலம். இவர்கள் இரண்டு பேருமே தேய்த்திருக்கவில்லை.

பதினோரு நாள். வேறு கிடார், வேறு மைக், வேறு கம்பி... ஒன்றும் பலிக்கவில்லை. ஒன்பது பாட்டும் அப்படித்தான். கடைசியில் நண்பன்தான் வாயைவிட்டான். "நல்லாத்தானே மாமா இருக்கு? யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் ஒரு பார்வை பார்த்தாராம். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றான். பிறகு, "வெளிய விடு" என்றார்.

ஆல்பம் வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். ஓடு ஓடென்று ஓடியது. ஒன்பது பாட்டும் ஒன்பது விதம், ஆனால் கை ஒன்றே, அந்தத் தலைகீழ் வீச்சு ஒன்று போதும் என்று எழுதினார்கள். வீட்டுக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து ஸ்டுடியோவுக்கு இழுத்து வந்தாள். தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், மத்தவங்க வாசிச்சதை எல்லாம் நிறுத்துடா. இவரு வாசிச்சதை மட்டும் தனியாப் போடு. தன் கையைத் தானே ஒரு தடவையாவது கேக்கட்டும்."

ஒவ்வொருவர் வாசித்ததும் தனித்தனியாகத்தானே பதிவாகியிருக்கும்? நண்பன் டிரம்ஸை நிறுத்தினான். பேஸை நிறுத்தினான். கடைசியாகப் பாடகனையும் நிறுத்தினான். மிச்சம் இவர் ஒருவர்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான். நாற்காலி முனகுகிறது. கால் தாளம் தட்டுகிறது, டப்... டப்... சட்டைப் பொத்தான் மரத்தில் உரசுகிறது. மூச்சு. அவ்வளவுதான். ஒரு கம்பிகூட அதிரவில்லை. மற்றவர்களை நிறுத்தியதில் அந்தக் கிடாரும் நின்றுபோயிருந்தது. அடுத்த பாட்டைப் போட்டான். அதுவும் அப்படியே. ஒன்பதையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஒன்பதாவது முடிகிற இடத்தில், பதிவுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. அந்தப் பதினோரு நாளில் அப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லவே இல்லை என்று நண்பன் சத்தியம் பண்ணுகிறான். மெதுவாக, பணிவாக... பக்கத்தில் யாரையோ கேட்கிற மாதிரி:

"இப்ப நான் வாசிக்கலாமா?"