டைரக்டர் வண்டிக்குச் சோதனை கிடையாது

"ஹலோ... ஆமா, நான்தான். சத்தமாப் பேசும்மா, கீழ என் வீட்டுக்காரி தூசி உறிஞ்சுற மெஷினை ஓட்டிக்கிட்டிருக்கா... ஆமா, ஆமா, பொண்ணு கைக்குழந்தையோட இன்னிக்கு வர்றா... சந்தோஷம், சந்தோஷம்."

மூடிப்போட்ட அணு உலையைச் சுத்தம் செய்யும் பணிக்கு அவர்தான் டைரக்டர். மாடியறைக் கண்ணாடி முன் நின்று, நாளைய பாராட்டு விழாவில் பேசவேண்டியதைத் தனக்குத்தானே பேசி, தானே தலையாட்டிக்கொண்டிருந்த நல்ல நேரத்தில், கதிர்வீச்சுச் சோதனைப் பிரிவு இன்ஜினியரம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

"முதல் வரியைக் கேளு: 'அளக்காம ஒரு ஸ்பேனர்கூட நம்ம வாசலைத் தாண்டினதில்ல.' எப்படி?... என்னம்மா, மூச்சையே காணோம்?... என்ன காணோம்?... மெஷினா? எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். எவனா இருந்தாலும் சீட்டைக் கிழி! வாசல்ல நிக்கிறவனுக்குக் கண்ணு பிடரியிலயா?... ம்... ம்... உலைக் கட்டடத் தூசியை உறிஞ்சினதா... அளக்கிறதுக்காக ஓரமா வச்சிருந்ததா... சரி, சரி... என்ன கலரு?"

கண்ணாடியிலிருந்த முகம் அவரைக் கேட்காமலே வெளுத்தது.

"...மஞ்சளா?... இல்லம்மா, நான் எடுத்தது புதுசு. பளபளன்னு இருந்துதே! ரெண்டு நாள் வீட்டுல இருக்கட்டும்னு டிக்கியில வச்சேன்... வெளிப்பக்கம் மட்டும்தான் கழுவினீங்களா?... வாசல்ல அளக்கலையா? என் காரைப் பார்த்தா சல்யூட் அடிச்சுக் கம்பத்தைத் தூக்கிடுவான்... ஆமா, நான்தான் சொல்லி வச்சேன், டைரக்டர் வண்டிகிட்ட மீட்டரை நீட்டாதேன்னு. ஒரு மரியாதைக்கு...

உள்ள இருக்கிற தூசிப் பையா?... மாத்தல. பின்னாடி புழுதி அடிக்குதுன்னு அவ நேத்தே சொன்னா. புது மெஷின்னா அப்படித்தான்னு நான்தான்... இப்ப எங்க ஓட்டுறாளா?... குழந்தைக்குன்னு ஒதுக்கின ரூம்லம்மா. தொட்டில் பக்கத்துல.

ஏய்! அணை! அதை அணை!... அவளுக்குக் கேக்கல, அந்த இரைச்சல்ல... இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன், முழங்கால் வலி வேற... என்ன? அளக்கிற வரைக்கும் யாரும் வெளியே போகக்கூடாதா?... யாரையும் உள்ள விடக்கூடாதா?... நானுமா?... சரி, சரி, நானும்தான்...

அப்பாடா. நின்னுடுச்சும்மா. அவளே அணைச்சுட்டா... ஏன் அணைச்சா?... இரு, இரு. வாசல்ல பெல்லு.

ஏய், கதவைத் திறக்காதே!... வாங்காதே! குழந்தையை வாங்காதே! பொண்ணுகிட்டயே குடுத்துடு, குடுத்து—"

போன் கைநழுவி, படி படியாக உருண்டு, கீழ்ப்படியில் அணைந்தது.