சந்தேக நோட்டின் கடைசி வரி

மேடையில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் செவிலியர் சகோதரிகளே, சிஸ்டரின் கணவரே, மாதாமாதம் என் மருந்து ஜன்னலில் வரிசையில் நின்று என்னைத் திட்டும் மூட்டுவலி உறவுகளே! வணக்கம்.

யாரை இழந்து நிற்கிறோம்? நம் 'சந்தேக சிஸ்டரை'! முடக்குவாதப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் எதையும் லேசில் நம்பாத அந்த மகராசியை! முடக்குவாதத்துக்காக நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர் யார் வந்தாலும் விடமாட்டார். "ஏன் இளைச்சிருக்கீங்க? காய்ச்சல் வருதா? கழுத்தக் காட்டுங்க!" எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டால் புற்றுநோய் தொடக்கத்திலேயே பிடிபட்டுப் பிழைத்த தையற்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

சிஸ்டருக்கும் அதே முடக்குவாதம்தான். பதினொரு ஆண்டுகள் அதே மாத்திரை. கடைசியில், கழுத்துக் கட்டியாகத் தலைகாட்டும் நிணநீர்ப் புற்றுநோய். இப்போது வாசலில் என்ன பேச்சு? "மாத்திரைதான் சிஸ்டர கொன்னுடுச்சு!" இந்த வாரம் ஒன்பது பேர் மாத்திரை வாங்க வரவில்லை. அட, யார் கண்டது மாத்திரைதான் என்று? எல்லாரையும்விடப் பெரிய மாலையோடு வந்திருக்கும் மருந்துக் கம்பெனித் தம்பி, மாத்திரை இல்லவே இல்லை என்கிறார். அவரையும் நான் நம்பவில்லை! அடங்காத முடக்குவாதமே இந்தப் புற்றுநோய்க்கு வழிவிடலாம், மருந்தும் கூடச் சேரலாம். எது எவ்வளவு? பெரிய டாக்டரே உறுதியாகச் சொல்லமாட்டார். நீங்களாக நிறுத்தினால் மூட்டு முடங்கும், அது மட்டும் உறுதி.

எனக்கு வேறொருவன் மேல்தான் சந்தேகம். போன ஆண்டு சிஸ்டர் என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, கழுத்துல பட்டாணி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. டாக்டர்கிட்ட காட்டணுமோ?"

"உங்களுக்கு யாராவது தும்மினாலே சந்தேகம்தான்! சளிக்கு நெறி கட்டியிருக்கும், போங்க சிஸ்டர்."

அவர் டாக்டரிடம் காட்டியது நாலு மாதம் கழித்து.

நேற்று அவர் கணவர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசி வரி சிஸ்டரைப் பற்றியதே: "எனக்கும் கழுத்தில் கட்டி. மருந்து ஜன்னல் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்."

நான் சந்தேகப்படும் அந்த ஒருவன் நான்தான்!

அந்த ஒன்பது பேர் வீட்டுக்கும் நாளை மாத்திரையோடு நானே போகிறேன். இனி இந்த நோட்டு என் ஜன்னலில் இருக்கும். மாத்திரை வாங்க வருகிறவர்கள் ஒரு சின்னக் கட்டி என்றாலும் சொல்லுங்கள், அப்போதே டாக்டரிடம் கூட்டிப்போவேன். சத்தியமாகச் சிரிக்க மாட்டேன், சிஸ்டர்!