மாசிலாமணி மேஸ்திரி முதுகுல காது வெச்ச கதை

ரொம்ப காலத்துக்கு முந்தி, சுரங்கத்து ஆளுங்க குடியிருந்த இந்தக் கருமேட்டு லைன்ல எல்லா வூடும் மூங்கில் தட்டியும் தகரமுமா இருந்த காலத்துல, மாசிலாமணி மேஸ்திரின்னு ஒருத்தர் இருந்தாராம். என்னோட பாட்டனுக்கு அப்பன் அவுரு. அதனாலதான் இந்தக் கதையை நான் சொல்றேன். மத்தவங்க சொன்னா சிரிச்சிக்கிட்டே சொல்லிடுவாங்க. எங்க வூட்டு ஆளுங்க சிரிக்காம சொல்லணும், மீசையில கை வெக்காம சொல்லணும். அதான் ஏற்பாடு. கிளவுஸ் மாட்டிக்கிட்டு நிக்கிற தம்பிங்க ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. கதை முடியாம மணி அடிக்க மாட்டாங்க.

அந்தக் காலத்துல பூமிக்குள்ள தங்கம் இருந்துச்சு. ஜனங்க விடிஞ்சா இரும்புக் கூண்டுல ஏறி சுரங்கத்துக்குள்ள கீழ போவாங்க, பொழுது சாஞ்சா அதே கூண்டுல மேல வருவாங்க. கீழ போனவங்க எல்லாரும் மேல வந்தாங்கன்னு சொல்ல முடியாது. மாசிலாமணியோட மூத்த மவன் வரல. பாறை வெடிச்சு உள்ளயே நின்னுட்டான். பத்தொம்பது வயசாம். இதை மனசுல வெச்சுக்கோங்க. இதுக்காக அவரை மன்னிச்சிடாதீங்க, மனசுல மட்டும் வெச்சுக்கோங்க.

சுரங்கத்து தொரைங்க இந்த மைதானத்துலதான் கயிறு கட்டி ரிங் போட்டாங்களாம். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்னிக்கு ஹெவிவெயிட் குத்துச்சண்டை. சாம்பியனை எதிர்த்து ஒரே ஒருத்தன் நிப்பான். ஜெயிக்கிறவனுக்கு அந்த வருஷம் பூரா மேல் வேலை. கீழ எறங்க வேணாம். வெயில்ல நிக்கலாம், வெளிக்காத்து வாங்கலாம். அந்தக் காத்துக்காகத்தான் மூஞ்சி முகரை கிழிய அடிச்சிக்கிட்டாங்க.

எதிர்ல நிக்கப்போறது யாருன்னு முடிவு பண்றது தொரை இல்ல. நம்ம மாசிலாமணி மேஸ்திரி. அதுக்கு ஜோடி பாக்குறதுன்னு பேரு. கல்லு நிறுக்கிற தராசுல ஆளை ஏத்தி நிறுப்பாராம். கை நீளத்தைக் கயிறு போட்டு அளப்பாராம். வயசு கேப்பாராம். அப்பால கண்ணை மூடி ரவ நேரம் நிப்பாராம். "சேரும்"னு சொன்னா சேரும். "சேரல"ன்னு சொன்னா சேரல. ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. மாசிலாமணி வார்த்தைக்கு மறுபேச்சு கெடையாது.

அப்போ நாலு வருஷமா சாம்பியன் தேவசகாயம். ஆளு நெல்லு கொட்டி வெக்கிற தொம்பை மாதிரி இருப்பானாம். அதனால தொம்பைன்னே கூப்புடுவாங்க. மாசிலாமணியோட ஒரே பொண்ணு மரகதத்தைக் கட்டினவன். மருமவனுக்கு மாமனாரே ஜோடி பாக்கலாமான்னு எவனாச்சும் கேட்டானா? கேக்கல. நாலு வருஷமும் அவுரு பாத்த ஜோடியில ஒரு நூலு கூட கோணல் இல்ல. அதனால கேக்கல.

அஞ்சாவது வருஷம் வந்துச்சு. தொம்பைக்கு எடது தோள்பட்டை போச்சு. சோத்துத் தட்டை எடுத்தா கை நடுங்குது. இது அந்த வூட்டு நாலு செவுத்துக்குள்ள மட்டும் தெரிஞ்ச சங்கதி. எட்டாம் லைன்ல ஏகாம்பரம்னு ஒரு பையன், இருபத்திரெண்டு வயசு. அவன் மணல் மூட்டையைக் குத்துற சத்தத்துக்கு மாடு மிரளுமாம். இந்த வருஷம் ஏகாம்பரம்தான்னு சின்னப் புள்ளைங்களுக்குக் கூட தெரியும். மரகதத்துக்கு வயித்துல ஆறு மாசம். ஒரு நாள் அப்பன் முன்னாடி வந்து நின்னா.

"அப்பா, அந்தப் பையனையா நிறுத்தப் போற?"

"அவன்தாம்மா சேருவான்."

"அப்போ இவரு தோத்துடுவாரு. திரும்ப கீழ போவாரு. எங்கண்ணன் போன எடத்துக்கு."

அவ்ளோதான் சொன்னாளாம். அழக்கூட இல்லையாம்.

அந்த வாரத்துல ஒரு சாயங்காலம், வேலை முடிஞ்சு கூண்டு மேல வருது. கூண்டுக்குள்ள ஆளு மேல ஆளு, ஊசி எறங்க எடம் இல்ல. மாசிலாமணி குள்ளம். அவுரு முன்னாடி நிக்கிறவன் ஞானமுத்து, பாறையில துளை போடுறவன், மலை மாதிரி ஆளு. நெரிசல்ல மேஸ்திரியோட காது அவன் முதுகுல அப்படியே ஒட்டிக்கிச்சு. உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சாம். உலைத் தண்ணி கொதிக்கப் போற நேரத்துல பானைக்குள்ள கிர்ர்ர்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தம். மூச்சு உள்ள போனா கிர்ர்ர். வெளிய வந்தா கிர்ர்ர். கல்லுத்தூள் நெஞ்சுல அடைஞ்ச சத்தம் அது. மாசிலாமணி அதை எத்தனை பேருகிட்ட கேட்டிருப்பாரு! எல்லாரும் அதை மறைப்பாங்க. சுரங்கத்து டாக்டருக்குத் தெரிஞ்சா வேலை போவும், வேலை போனா தொரைங்க குடுத்த லைன் வூடும் போவும்.

கூண்டு மேல வந்து நின்னுச்சு. ஞானமுத்து எறங்கிப் போனான். மேஸ்திரி நின்ன எடத்துலயே நின்னாராம். அந்த நிமிஷத்துலதான் அவுரு கெட்டுப் போனாரு.

மறுநாள் தராசு வெச்சாங்க. ஏகாம்பரம் ஏறினான். மேஸ்திரி கண்ணை மூடினாரு. "சேரல"ன்னாரு. ஏன்னு யாரும் கேக்கல. அப்பால, "ஞானமுத்தை ஏத்துங்க"ன்னாரு. நிறுத்தாங்க, தொம்பை எடைக்கு ரெண்டே ராத்தல் கம்மி. கை நீளம் சரி. வயசு சரி. "சேரும்"னாரு.

தராசு பொய் சொல்லல, கயிறு பொய் சொல்லல. பொய் சொன்னது எங்க பாட்டனுக்கு அப்பன்.

ஞானமுத்து "மாட்டேன்"னு சொல்லலாமே? எப்படிச் சொல்லுவான்? மலை மாதிரி இருக்கிறவன் மாட்டேன்னா, ஏன்டான்னு கேப்பாங்க. காரணம் தெரிஞ்சா டாக்டர். டாக்டர்னா லைன் வூடு போச்சு. அவன் வாயைத் தொறக்க மாட்டான்னு மாசிலாமணிக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவனைப் புடிச்சாரு. இதைச் சொல்றப்போ எனக்கு நாக்கு கூசுது. ஆனா சொல்லணும்.

அன்னிக்கு சாயங்காலம் ஞானமுத்து பொஞ்சாதி ரெபேக்காள் மேஸ்திரி வூட்டு வாசல்ல வந்து நின்னாளாம்.

"மேஸ்திரிண்ணா, இவுரு நாலு படி ஏறினா நின்னு செவுத்தைப் புடிச்சிக்கிறாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. ஆளு இரும்பு மாதிரி இருக்காரு."

"நல்லா பாத்தீங்களாண்ணா?"

"நல்லா பாத்தேம்மா."

அவ "நீங்க சொன்னா சரிண்ணா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நம்பிட்டுப் போனா.

மாட்டுப் பொங்கல் வந்துச்சு. மைதானம் கொள்ளாத கூட்டம். மொத ரவுண்டுல ஞானமுத்து தொம்பையைக் கயிறு வரைக்கும் தள்ளிக்கினு போனானாம். ஜனங்க துண்டை வீசினாங்களாம். ரெண்டாவது ரவுண்டு, அவன் வாய் தொறந்துச்சு. மூணாவது ரவுண்டுல கை தானா கீழ எறங்கிடுச்சு. தொம்பையால ஓங்கின கையை நிறுத்த முடியல, ஒரே குத்து, அதுவும் பாதி குத்துதான். ஞானமுத்து உக்காந்துட்டான்.

உக்காந்தவன் அடிபட்டு உக்காரல, காத்துக்காக உக்காந்தான். தரையில கை ஊணிக்கிட்டு கிர்ர்ர், கிர்ர்ர்னு இழுக்கிறான். தூரத்துல இருந்த கூட்டத்துக்கு அது கேக்கல. "எழுந்திருடா சோம்பேறி! பயந்தாங்கொள்ளி!"ன்னு கத்துது. எவனோ வெல்லக்கட்டியை வீசினானாம். கிட்டத்துல நின்ன தொம்பைக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. அவன் திரும்பி மாமனாரைப் பாத்தானாம். மாமனார் தன் காலைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

டாக்டர் ரிங்குக்குள்ள ஏறி, ஊரு பாக்க அவன் நெஞ்சுல குழாயை வெச்சாரு. தலையை ஆட்டினாரு. வேலை போச்சு. பதினஞ்சு நாள்ல வூட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

காலி பண்ற அன்னிக்கு லைன் மொனையில வண்டி நிக்குது. தொம்பைதான் அவங்க தகரப் பெட்டியைத் தலையில தூக்கிக்கினு வந்து ஏத்தினான். மாசிலாமணியும் வந்தாரு. வராம இருந்திருக்கலாம், ஆனா வந்தாரு. ஞானமுத்து வண்டியில ரெபேக்காள் பக்கத்துல சாஞ்சிக்கிட்டு அவரைக் கூப்பிட்டான். கோவமே இல்லாம பேசினானாம்.

"மேஸ்திரிண்ணா, அன்னிக்குக் கூண்டுல உங்க காது என் முதுகுல இருந்துச்சில்ல. நான் மூச்சை அடக்கிப் பாத்தேன், முடியல. நீங்க கேட்டிருப்பீங்கன்னு பயந்தேன். நீங்க யாருகிட்டயும் சொல்லல. சரி, தெரிஞ்சும் வெளிய விடாம நம்மளைக் காப்பாத்துறாருன்னு நெனச்சேன்."

வண்டி போயிடுச்சு.

பெட்டி தூக்கின தொம்பை அங்கயேதான் நின்னிருந்தான். ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டான். மறுநாள் காலையில கூண்டுக்கு நிக்கிற வரிசையில, கையில வெளக்கோட, சாம்பியன் நிக்கிறான்! மேஸ்திரி ஓடிவந்து கையைப் புடிச்சாராம்.

"வேணாம்டா, உனக்காகத்தானே செஞ்சேன்!"

"அதனாலதான் மாமா போறேன். எனக்கு அந்த வெயில் வேணாம்."

கூண்டு ஏறிக் கீழ போயிட்டான். மரகதம் அதுக்கப்புறம் அப்பனுக்குச் சோறு போட்டா, ஆனா பேசல.

ஆடி மாசம் சேதி வந்துச்சு, ஞானமுத்து செத்துப் போயிட்டான்னு. மாசிலாமணி ரெபேக்காள் ஊருக்கு நடந்தே போனாராம். மூணு நாள் நடை. அவ கடலைக்கொல்லையில களை எடுத்துக்கிட்டிருந்தா. இவரைப் பாத்து எழுந்திருக்கல. இவுரு வரப்புல நின்னாரு. திட்டுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சாரு. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அவரு முதுகுல இன்னா சத்தம் கேட்டுதுண்ணா?"

இவுரு சொன்னாரு. கிர்ர்ர்னு கேட்டுதும்மான்னு வாயால அந்தச் சத்தத்தைச் செஞ்சே காட்டினாரு.

"ஆமா, அதான். நான் தெனம் கேட்ட சத்தம் அதான்"ன்னா ரெபேக்காள். "அன்னிக்கு வாசல்ல நான் கேட்டப்போ ஒண்ணும் தெரியலன்னீங்களே. நோவுன்னு நீங்க ஊருக்குச் சொல்லியிருக்க வேணாம்ணா. சேரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஏகாம்பரத்துக்குச் சொன்னீங்களே, யாராச்சும் ஏன்னு கேட்டாங்களா? எங்க வூட்டுக்காரரும் மானமா தராசை விட்டு எறங்கி வந்திருப்பாரு. அந்த ஒரு வார்த்தை உங்ககிட்டதானே இருந்துச்சு."

சொல்லிட்டு அவ களை எடுக்கப் போயிட்டா. மூணு நாள் நடந்து திரும்பி வந்தாரே, வழி பூரா அவருக்கு அந்த வார்த்தைதான் காதுல. அவ கத்திச் சொல்லியிருந்தா கூட தாங்கியிருப்பாரு.

அடுத்த மாட்டுப் பொங்கல். தராசு வெச்சு, கூட்டம் கூடி, மேஸ்திரியைக் கூப்பிட்டாங்க. அவுரு தலைப்பாகையை அவுத்து ரிங்கு ஓரத்துல வெச்சாரு. கூண்டுல கேட்டதுல இருந்து கடலைக்கொல்லை வரைக்கும் ஒண்ணு விடாம சொன்னாரு. கூட்டத்துல பாதி பேரு துப்பினாங்களாம். "என்னை விலக்கிடுங்க, வேற ஆளைப் போடுங்க"ன்னு கும்புட்டாரு. அப்போ எட்டாம் லைன் ஏகாம்பரம் எழுந்து நின்னானாம்.

"விலகிட்டா உனக்கு நிம்மதி ஆயிடும். நீயே செய்யி. வருஷா வருஷம் செய்யி. இந்தக் கதையை உன் வாயால சொல்லிட்டுச் செய்யி. உனக்கப்புறம் உன் புள்ளைங்க செய்யட்டும்."

பாத்தீங்களா, இது எங்களுக்குக் கெடைச்ச மரியாதைன்னு வெளியூர்க்காரங்க நெனச்சிக்கிறாங்க. மரியாதை இல்லீங்க. தண்டனை.

அன்னிக்கு ஏற்பட்டதுதான் இன்னிக்கு வரைக்கும். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, கூண்டு துருப்புடிச்சுக் கெடக்குது. ஆனா கருமேட்டு லைன்ல தராசு, கயிறு எல்லாம் முடிஞ்சப்புறம், நிக்கப்போற ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டணும். எங்க வூட்டு ஆளு ஒருத்தர் அவங்க முதுகுல காது வெக்கணும். வெச்சிட்டு, சேரும்னா சேரும்னு சொல்லணும். சேரலன்னா சேரலன்னு மட்டும் சொல்லணும். ஏன்னு ஒருத்தரும் கேக்கக்கூடாது. சேராத ஆளுக்கு மாலை போட்டு மொத வரிசையில உக்கார வெக்கணும். எதுக்குச் சேரலன்னு அவனுக்கும் அவன் வூட்டுக்கும் மட்டும் தனியா சொல்லணும்.

இன்னொண்ணும் இருக்கு. காது வெக்கிறப்போ அந்தப் பையனோட அம்மாவோ பொஞ்சாதியோ பக்கத்துல வந்து நிப்பாங்க. "நல்லா பாத்தீங்களாண்ணா?"ன்னு கேப்பாங்க. வயசு சின்னதோ பெருசோ, எங்களை அண்ணான்னுதான் கேப்பாங்க. ரெபேக்காள் கேட்ட மாதிரியே.

சரி, தம்பிங்களா, சட்டையைக் கழட்டுங்க. அம்மா, நீங்க கிட்ட வாங்க. நீங்க கேக்காம நான் காதை எடுக்க மாட்டேன். அன்னிக்கு எங்க வூட்டு வாசல்ல ஒரு பொம்பளைக்குச் சொல்லாம விட்ட பதிலைத்தான் நாங்க இன்னும் சொல்லிக்கிட்டிருக்கோம்.