பைசாஸுக்கு இரண்டு அப்பா

தொண்ணூறுகளில் ஒரு காலை. லண்டனில் மிச்சம் என்ற இடத்திலிருந்து குரோய்டன் போகும் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் ஒரு இளைஞரும் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் இருந்தார்கள்.

"சித்தப்பா, பைசாந்தியம் நகரத்தைக் கட்டின பைசாஸுக்கு ரெண்டு அப்பா."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"கிரேக்கக் கதை. ஒரு புத்தகத்தில அவன்ர அப்பா கடல் தெய்வம். மற்றதில மெகாரா எண்ட ஊரின்ர ராசா. டீச்சர் ரெண்டுக்கும் மார்க்ஸ் போட்டவ."

இளைஞர் சிரித்தார். "குடுத்து வைச்சவன். எனக்கு ரெண்டு அப்பா எண்டுதானே அகதியா ஏற்கச் சொல்லிக் கேட்ட அசைலம் கேஸைத் தள்ளினவங்கள். பிறப்புப் பத்திரத்தில கந்தையா. லோயர் எழுதினதில சின்னத்தம்பி. நான் கந்தையா எண்டுதான் சொன்னனான். ஆர் மாத்தினதோ தெரியேல்லை."

சிறுமி சிரிக்கவில்லை.

"நான்தான், சித்தப்பா."

"என்ன?"

"வீட்டில எல்லாரும் உங்கட அப்பாவை, அப்பப்பாவை, சின்னத்தம்பி எண்டுதானே சொல்லுறது. கந்தையா ஆரெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் பதட்டத்தில பிழையாச் சொல்லுறீங்கள் எண்டு நினைச்சு, லோயருக்கு இங்கிலிஷில மொழிபெயர்க்கேக்க திருத்திச் சொன்னனான்."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

"சித்தப்பா, இண்டைக்கு அப்பீலில இதைச் சொன்னா நம்புவினமோ?"

"தெரியாது, பிள்ளை. அழாதை."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த என் அகதி விண்ணப்பத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அதை ஆங்கிலத்தில் நிரப்பியவள் என் பத்து வயது மகள்.