உதிரிப் பழ நடை

வலது முட்டி இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது, மேடம். இந்த இரும்பு நாற்காலியில் காலை நீட்ட முடியவில்லை. பரவாயில்லை, நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள். மேடை விளக்குக் கம்பிக்கு எண்ணெய் போட்டான் என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இர்ஃபானை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பையன். மேடையில் இருந்தது அவன் எண்ணெய் இல்லை, சமையல் எண்ணெய். தடவியது நான்.

பெயர் கிருஷ்ணம்மாள். கேட்டதற்கு நன்றி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த நாட்டிய அரங்கத்தைத் துடைக்க ஆரம்பித்ததிலிருந்து என் பெயரைக் கேட்ட இரண்டாவது ஆள் நீங்கள்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை வளர்க்கும் தோட்டத்தில் வளர்ந்தேன். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழத்தைக் குந்திக் குந்திப் பொறுக்கியே முட்டி தேய்ந்தது. வலது காலை இழுத்து, இடுப்பைத் தூக்கிப் போட்டு நடப்பேன். அது கலை என்று இந்த வருஷம்தான் தெரிந்தது.

நகரத்து நாட்டிய விழாவுக்கு மலர்விழி என்று ஒருவர் வந்தார். நவீன நடனம் அமைப்பவர், வெளிநாட்டில் படித்தவர். தோட்டத்துப் பெண்களின் உழைப்பைப் பற்றி ‘உதிரி’ என்று ஒரு நடனம் செய்துகொண்டிருந்தார். நான் வாளியோடு போவதைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“ஆன்டி, இன்னொரு வாட்டி நடங்க. வாளியத் தூக்கிட்டே. பியூட்டிஃபுல் லா.”

நடந்தேன். போனில் படம் பிடித்தார். மறுநாள் ஒத்திகையில் பெண்களெல்லாம் வரிசையாக என்னைப் போல நொண்டினார்கள். நொண்டி முடித்ததும் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டார்கள்; வலிக்கிறதாம். ஐஸ் உருகிய தண்ணீரை நான் துடைத்தேன்.

விழா மலரில் போட்டிருந்தார்கள்: ‘பெயரற்ற உடல்களுக்குச் சமர்ப்பணம்.’ என் சட்டையில் பெயர்ப்பட்டை இருக்கிறது, மேடம். கொட்டை எழுத்து. குத்தாமல் வந்தால் சம்பளம் பிடிப்பார்கள்.

“மலர் மிஸ், அதுல என் பேரப் போடலாமா?” என்று கேட்டேன்.

“பேரு போட்டா அது உங்க கதையாப் போயிடும் ஆன்டி. இது எல்லாரோட வலி.”

“மேல உங்க பேரு இருக்கே?”

“அய்யோ, நல்லா ஜோக் அடிக்கிறீங்க லா.”

நானும் சிரித்தேன். பெரிய மனிதர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது மரியாதை.

நடு மேடை அவருக்கு மட்டும். அங்கே வலது காலை ஊன்றிச் சுழல வேண்டும். ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்தால் அந்த நடை இன்னும் நன்றாக வருமே என்று நினைத்தேன். கலைக்கு என்னால் ஆன உதவி. விழா அன்றைக்கு இடைவேளையில் மேடையின் கருப்பு விரிப்பைத் துடைப்பது என் வேலை. நடுவில் மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தேன், மெல்லிசாக, வெளிச்சத்தில் தெரியாதபடி. எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

பரதநாட்டியப் பிள்ளைகள் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மிதிக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆடுவார்கள். விரலில் பிசுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் ஆட்டமும் இடைவேளைக்கு முன்பே முடிந்திருந்தது. நவீனக்காரர்கள் தரையைத் தொடமாட்டார்கள்; நேராக ஓடி வருவார்கள். அதனால் யாருக்கும் அநியாயம் நடக்காது என்று நம்பினேன்.

கடைசி நேரத்தில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உழைப்பை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமே. மலர்விழி கீழே போய்விட்டார். தன் இடத்துக்கு ரஞ்சனியை அனுப்பினார்.

ரஞ்சனி கிள்ளான் பிள்ளை, லோரி ஓட்டுகிறவர் மகள். பரதம் ஆடுபவள், இந்த நடனமும் அவளுக்கு மனப்பாடம். என் பெயரை முதலில் கேட்டவள் அவள்தான். ஒத்திகை ஓய்வில் தன் தைலத்தை எடுத்து என் முட்டியில் தேய்த்துவிடுவாள்.

“கிருஷ்ணம்மா ஆன்டி, கால நீட்டுங்க. என்ன வெக்கம்? நாளைக்கு எனக்கு முட்டி போச்சுன்னா நீங்க தேய்ச்சு விடுங்க.”

“சரிம்மா” என்றிருந்தேன்.

அன்றைக்கு ரஞ்சனி தோட்டத்துப் பெண் வேஷத்தில், கைலியும் தலைத்துண்டுமாகத் திரை ஓரத்தில் வந்து நின்றாள். பழக்க தோஷம், குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது ஓரம். நான் நன்றாகத் துடைத்துக் காயவிட்ட இடம். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையை நீட்டினால் அவள் தோள் எட்டும்.

நிகழ்ச்சி நடக்கும்போது துப்புரவு ஆட்கள் வாய் திறக்கக்கூடாது என்று அங்கே விதி. அதனால்தான் பேசவில்லை என்று உங்களிடம் சொல்ல நினைத்து வந்தேன். அது பொய். சொல்லிவிட்டால் செய்த வேலை வீணாகப் போய்விடுமே என்று இருந்தது. அவ்வளவுதான், மேடம்.

விழுந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. அதுவும் நடனம் என்று ஜனங்கள் கைதட்டினார்கள். டத்தோ எழுந்து நின்று தட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். “கிருஷ்ணம்மா ஆன்டி, நீங்க எப்படிப் படி ஏறுவீங்க? சொல்லிக் குடுங்க” என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் வை என்றேன். தைலம் கொண்டுபோயிருந்தேன். முட்டி முழுக்கக் கட்டு, தேய்க்க இடமில்லை. நடக்கலாம், இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி நடப்பாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டீர்களா? கடைசியில் இதையும் சேருங்கள், பெயரோடு. கிருஷ்ணம்மாள், ரஞ்சனிக்கு ஒரு வலது முட்டி பாக்கி.