பாட்டன் பெயர்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியது. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண், வட்டார வரலாற்று இதழ் ஒன்றைத் தன் அண்ணன் மடியில் விரித்து வைத்தாள்.

"வருசாவருசம் நாம கெடா வெட்டிக் கும்புடற கல்லு நம்ம பாட்டனுதில்லீங்ணா. நம்ம பாட்டன் வெட்டிக் கொன்ன ஆளுதாமா."

"எதுக்கு வெட்டுனாராமா?"

"கெணத்துத் தண்ணித் தகராறாமா. அதுக்கப்புறம் நம்மூட்ல பொறந்த கொழந்தைக தங்கலையாமா. பயந்துட்டுத்தான் கல்லு நட்டிருக்கறாங்க."

"அந்தாளு பேரு சொல்ல ஆரும் மிஞ்சலையா?"

"இல்லீங்ணா. பொண்டாட்டி, புள்ளைகளோட அதே கெணத்துல உழுந்துட்டாளாமா."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை.

"பாட்டன் பேருன்னு அந்தக் கல்லுல இருந்தத எம் பையனுக்கு வெச்சமே, அந்தப் பேரு?"

"அந்தாளு பேருங்ணா."